"போட்டுக்கடா" என்று சொன்ன பாட்டு

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூ என்று காரணம் சொல்லலாம். உண்மைக் காரணம் வேறு. நெருங்கிய நண்பன் ஒருவனோடு சண்டை. ஒரு வீடியோ கேமில் வரும் இரண்டரை நிமிடப் பாட்டுக்காகச் சண்டை. அது ஒருவழியாக முடிந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன். நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நானே ஒரு கேம் செய்தேன். பெயர் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், விடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் மினி பஸ்ஸை ஓட்ட வேண்டும், அதுதான் கேம். குண்டும் குழியுமான ரோடு, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐநூறு ரூபாய் நீட்டும் பெரியவர், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தும் கண்டக்டர். கிராஃபிக்ஸ் சுமார்தான். சில சமயம் மாடு காற்றில் மிதக்கும் :-)

ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு பாட்டு ஓடும். வார்த்தை கிடையாது. கீபோர்டில் ஒரு மெட்டு, நடுவில் ஒரு விசில். விளையாடியவர்கள் எல்லோரும் எனக்கு எழுதியது அதைப் பற்றித்தான். "கேம் பரவாயில்லை, பாட்டு சூப்பர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

பாட்டு என்னுடையது அல்ல. பத்தாம் வகுப்பு வரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் போட்டது. அவன் வீட்டு மொட்டைமாடி ரூமில், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ரெக்கார்ட் செய்தான். விசிலும் அவனுடையதே. போனில் கேட்டேன், "டேய், இதை என் கேம்ல போட்டுக்கவா?" அவன் சொன்னது ஒரே வார்த்தை: "போட்டுக்கடா."

எங்கள் ஒப்பந்தம் மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான்.

கேமை ஓர் ஆன்லைன் கடையில் 99 ரூபாய்க்குப் போட்டேன். ஒன்றரை வருடத்தில் 312 பிரதி விற்றது. சிரிக்காதீர்கள், ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு உதவியது. இந்த வருடம் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து மெசேஜ். "அந்தப் பாட்டை கேம்ல இருந்து எடுத்துடுறியா? ஒரு ஆடியோ கம்பெனி கேக்குறாங்க. வேற யாருக்கும் கொடுக்கலைன்னு கையெழுத்துப் போடணும்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "போட்டுக்கன்னு சொன்னது நீதானே? 312 பேர் காசு கொடுத்து வாங்கியிருக்காங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டேன். "அந்தக் காசைப் பத்தி என்கிட்ட என்னைக்காவது சொன்னியா?" என்று திருப்பிக் கேட்டான். அதோடு மூன்று வாரம் பேச்சு இல்லை.

பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் எப்படிச் செய்கின்றன என்று எடுத்துக் காட்டி அவன் வாயை அடைக்கலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட என் வாய்தான் அடைந்தது.

பெரிய கம்பெனி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜிடிஏ 4. 2008 ஏப்ரலில் வந்த கேம். சின்ன வயதில் சித்தப்பா வீட்டில் அண்ணன் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் நிக்கோ பெல்லிக் என்பவன்தான் நாயகன். நியூயார்க்கைப் பார்த்துச் செய்த லிபர்ட்டி சிட்டியில் கார் ஓட்டிக்கொண்டு திரிவான். காரில் ரேடியோ உண்டு. அதில் விளாடிவோஸ்டோக் எஃப்எம் என்று ரஷ்ய மொழிப் பாடல்களுக்காகவே ஒரு நிலையம். 2004இல் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்த உக்ரைன் பாடகி ரஸ்லானாதான் அதன் அறிவிப்பாளர். 1990இல் கார் விபத்தில் இறந்துபோன விக்டர் த்சோயின் 'கினோ' குழுப் பாடலும் அதில் உண்டு. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அண்ணனும் நானும் தப்புத் தப்பாகக் கூடவே பாடுவோம்.

அந்த நிலையம் சும்மா அழகுக்கு வைத்தது இல்லை. ஊரை விட்டு வந்தவன் தன் ஊர்ப் பக்கத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்நிய ஊரில் வண்டி ஓட்டுகிறான். துபாய் டாக்ஸியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

2018 ஏப்ரலில், கேம் வெளிவந்து சரியாகப் பத்து வருடம் ஆனபோது, ராக்ஸ்டார் நிறுவனம் ஓர் அப்டேட் விட்டது. 50க்கும் மேற்பட்ட பாடல்கள் போய்விட்டன. அதிகம் அடிபட்டது விளாடிவோஸ்டோக் எஃப்எம்தான். அதன் பழைய பாடல்கள் ஏறக்குறைய மொத்தமும் போய், வேறு ரஷ்யப் பாடல்கள் வந்தன. பத்து வருட உரிமம் முடிந்துவிட்டது என்பதே காரணம். புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அதே அப்டேட்தான். பழைய பாட்டு வேண்டும் என்பதற்காகவே ரசிகர்கள் தாங்களாக 'மாட்' செய்து கேமைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 2004இல் வந்தது. 2014 நவம்பரில், அதே பத்து வருடக் கணக்கு, ஸ்டீம் கடையில் இருந்த பிரதிக்கு ஓர் அப்டேட் வந்து பல பாடல்களை எடுத்துக்கொண்டு போனது. 1986இல் நடப்பதாக வரும் வைஸ் சிட்டியை எடுத்துக்கொண்டால், அதில் மைக்கேல் ஜாக்சன் பாட்டுதான் அந்தக் காலத்தையே கண்முன் நிறுத்தும். 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பில் அவர் பாடல்களே கிடையாது.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது என் நண்பனிடம் சொன்னதேதான். ஒரு தடவை காசு வாங்கியாச்சே, அப்புறம் என்ன? விற்றது விற்றதுதானே?

இங்கேதான் நான் தப்பு செய்துகொண்டிருந்தேன். பாட்டை யாரும் விற்கவில்லை. வாடகைக்குத்தான் கொடுத்தார்கள்.

வகுப்பு எடுப்பது மாதிரி ஆகிவிடக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. அது எழுதியவர்களுக்கோ, அவர்கள் சார்பில் பார்த்துக்கொள்ளும் பப்ளிஷருக்கோ சொந்தம். அந்த மெட்டை ஒரு நாள் ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்தார்களே, அந்தப் பதிவு இன்னொன்று. அது பெரும்பாலும் இசைக் கம்பெனிக்குச் சொந்தம். கேமில் ஒரு பாட்டைப் போட இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டு என்றால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். நூறு பாட்டுக்கு மேல் உள்ள ரேடியோவுக்கு எத்தனை கையெழுத்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எந்த வடிவம் என்று எழுதியிருக்கும். வருடம் கூடினால் விலையும் கூடும்.

2002இலும் 2004இலும் இந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அப்போது கேம் என்றால் டிஸ்க். கடைக்கு வரும், இரண்டு மூன்று வருடம் விற்கும், அப்புறம் தள்ளுபடிக் கூடையில் கிடந்து காணாமல் போகும். அதற்குப் பத்து வருடம் என்பதே தாராளம். உரிமம் முடிந்தால் புதிதாக டிஸ்க் அடிக்க முடியாது, அவ்வளவுதான். உங்கள் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கில் பாட்டு அப்படியே இருக்கும். அதை யாரும் வீடு தேடி வந்து அழிக்கப் போவதில்லை.

ஆன்லைன் கடை வந்ததும் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் உடைந்தது. ஒரு பக்கம், கேமுக்குச் சாவே இல்லாமல் போனது. இருபது வருடப் பழைய கேமும் தீபாவளித் தள்ளுபடியில் விற்கும். ஒவ்வொரு விற்பனையும் புதிய பிரதி. உரிமம் முடிந்த பிறகு பழைய பாட்டோடு ஒரு பிரதி விற்றாலும் தப்பு. இன்னொரு பக்கம், வாங்கியவன் வீட்டில் டிஸ்க் இல்லை. எல்லோருக்கும் கடையில் இருக்கும் ஒரே கோப்புதான். அதில் கை வைத்தால் நேற்று வாங்கியவனுக்கும் மாறும், பத்து வருடத்துக்கு முன் வாங்கியவனுக்கும் மாறும். கேமை நீண்ட நாள் வாழவைத்த அதே கடைதான், விற்ற பொருளுக்குள் திரும்பக் கை விடவும் வழி செய்துகொடுத்தது.

பாட்டை எடுக்காமல் கேமையே எடுத்துவிடுவது இன்னொரு வழி. இதற்குச் சரியான உதாரணம் ஆலன் வேக். பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் செய்தது. 2010இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2012இல் கணினிக்கும் வந்தது. தொலைக்காட்சித் தொடர் மாதிரி அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் கதை. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ஒரு முழுப் பாட்டு ஓடும். ராய் ஆர்பிசன், டேவிட் போவி என்று பெரிய தலைகள். அந்தப் பாடல்களைப் பிடுங்கினால் அத்தியாயம் அந்தரத்தில் நிற்கும்.

2017 மே மாதம் பாடல் உரிமம் முடிந்தபோது ரெமெடி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முன்கூட்டியே அறிவித்தார்கள். கடைசியாக 90 சதவீதத் தள்ளுபடியில் விற்றார்கள். மே 15ஆம் தேதி கடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் பிரதியில் கை வைக்கவில்லை. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் இறக்கி, அதே பாட்டோடு விளையாடலாம். அடுத்த வருடம், 2018 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் உதவியோடு பாடல் உரிமங்களைப் புதுப்பித்துக் கேம் கடைக்குத் திரும்ப வந்தது.

ரெமெடி பற்றி இன்னொரு விஷயம் படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். 2003இல் அவர்கள் மேக்ஸ் பெய்ன் 2 செய்தபோது அதற்கு ஒரு பாட்டுத் தேவைப்பட்டது. கதாசிரியர் சாம் லேக் தன் கவிதை ஒன்றைத் தன் நண்பர் மார்கோ சாரெஸ்டோவிடம் கொடுத்தார். அப்போது வெளியுலகத்துக்குத் தெரியாத 'போயட்ஸ் ஆஃப் த ஃபால்' குழு அதைப் பாட்டாக்கியது. அந்தப் பாட்டுதான் அவர்களின் முதல் சிங்கிள். அந்த நட்பு அறுபடவே இல்லை. ஆலன் வேக்கிலும் அவர்கள் உண்டு. 2023இல் வந்த ஆலன் வேக் 2இல் ஒரு கட்டம் முழுக்க அவர்கள் பாட்டிலேயே நடக்கிறது. முதல் கேமில் பட்ட பாட்டுக்குப் பாடம் கற்றுக்கொண்ட மாதிரி, இரண்டாவதில் அத்தியாயப் பாடல்களையெல்லாம் புதிதாக எழுதிப் போட்டுக்கொண்டார்கள். கேம் செய்பவன் ஒருவன், பாட்டுப் போடுபவன் ஒருவன், இருவரும் நண்பர்கள். நானும் இவனும் அங்கேதானே ஆரம்பித்தோம்?

மற்ற உதாரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் நடக்கும் மாஃபியா (2002) சில வருடம் கடைகளில் கிடைக்காமல் இருந்து, 2017இல் அந்தக் கால ஜாஸ் பாடல்கள் இல்லாமல் திரும்பி வந்தது. க்ரேஸி டாக்ஸி என்றாலே ஆஃப்ஸ்பிரிங் பாட்டுதான் ஞாபகம் வரும் என்பார்கள். 2010இல் ஆன்லைன் கடைக்கு வந்தபோது அந்தப் பாடல்கள் இல்லை, 2012இல் போனுக்கு வந்தபோது இருந்தன. அதாவது முடியாது என்பது இல்லை, யாராவது உட்கார்ந்து பேசிக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபோர்ஸா ஹொரைசன் 4 ஆறே வருடத்தில், 2024 டிசம்பரில், உரிமங்கள் முடிந்து கடையை விட்டுப் போனது. பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத ராக் பேண்ட் 4, பத்து வருடம் முடிந்ததும் 2025 அக்டோபரில் விற்பனையிலிருந்து இறங்கியது.

இதையெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, கலிஃபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டம் போட்டார்கள். வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற பொத்தானைப் போடக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அமல். அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் பில் போடும் பக்கத்தில் அப்படி ஒரு வரி வந்துவிட்டது. உண்மையைச் சொன்னது நல்லதுதான். ஆனால் "இது உங்களுடையது அல்ல" என்று எழுதி ஒட்டிவிட்டால் அது நியாயம் ஆகிவிடுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதுவரை படித்தவர்கள், "அப்போ முதலிலேயே எக்காலத்துக்கும் என்று எழுதி வாங்கிவிட்டால் பிரச்சனை தீர்ந்ததே" என்று சொல்வீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். நண்பனிடம் வீசுவதற்கு நல்ல கல் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் மார்ட்டின் வேர் விஷயம் கண்ணில் பட்டது.

இவர் ஹெவன் 17 என்ற பிரிட்டிஷ் குழுவைச் சேர்ந்தவர். அப்போது தயாரிப்பில் இருந்த ஜிடிஏ 6க்காக அவர்களுடைய 1983 காலத்து ஹிட் பாடல் ஒன்றைக் கேட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் வெளியே சொன்னார். தருவதாகச் சொன்ன தொகை 7,500 டாலர். எழுதியவர்கள் மூன்று பேர், ஆளுக்கு அவ்வளவு. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் அந்த கேமிலிருந்து இனிமேல் எந்த ராயல்டியும் கேட்கக் கூடாது, எக்காலத்துக்கும். அவர் மறுத்துவிட்டார். இதற்கு முந்தைய ஜிடிஏ 5 விற்றது 20 கோடிப் பிரதிக்கும் மேல்.

இதில் இரண்டு கட்சி உண்டு. நூற்றுக்கணக்கான பாட்டில் ஒரு பாட்டுக்கு அது நியாயமான தொகைதான், கேமில் வந்தால் புதிய தலைமுறை கேட்குமே என்று சொன்னவர்கள் பலர். இருக்கலாம். ஆனால் 'எக்காலத்துக்கும்' என்ற வார்த்தை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பத்து வருடம் என்று எழுதினால் ரசிகனுக்கு நஷ்டம். எக்காலத்துக்கும் என்று மொத்தமாக எழுதி வாங்கினால் பாட்டுப் போட்டவனுக்கு நஷ்டம். நான் அதையும் தாண்டிவிட்டேன். எக்காலத்துக்கும் என்று நானாகவே எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்தது பூஜ்ஜியம் ரூபாய்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகள் அக்காவுக்குப் போன் செய்தேன். (ஜிடிஏ அண்ணனின் தங்கைதான்.) அக்கா நேராகக் கேட்டாள்.

"எழுத்துல இருக்கா?"

"போன்ல சொன்னான்க்கா. போட்டுக்கடான்னு."

"அது சரி. நம்ம காப்பிரைட் சட்டத்துல 30ஆவது பிரிவு, உரிமம்னா எழுத்துல கொடுக்கணும்கிறது. எத்தனை வருஷம்னு சொன்னானா?"

"இல்ல."

"சொல்லலைன்னா அஞ்சு வருஷம்தான். 19ஆவது பிரிவு. எந்த ஊருன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். நீ எங்கெல்லாம் வித்த?"

நான் வாயைத் திறக்கவில்லை. 312இல் நாற்பது ஐம்பது பிரதி மலேசியாவிலும் கனடாவிலும் இருந்தவர்கள் வாங்கியது.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, சினிமாவுக்குப் பாட்டு எழுதுபவரும் இசையமைப்பவரும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்களாம். கஷ்டத்தில் இருப்பவன் எதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று தெரிந்து வைத்த பூட்டு அது. இந்த வழக்கெல்லாம் ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் வந்த 'குட் பேட் அக்லி'யில் தன் பழைய பாடல்களை அனுமதி இல்லாமல் பயன்படுத்தினார்கள் என்று இளையராஜா வழக்குப் போட்டார். இசைக் கம்பெனியிடம் அனுமதி வாங்கினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. படம் ஓடிடியிலிருந்து இறங்கி, அந்தப் பாடல்கள் மாற்றப்பட்டுத் திரும்ப வந்தது. தியேட்டரில் கைதட்டியவர்கள் கேட்டது ஒரு பாட்டு, பிறகு வீட்டில் பார்த்தவர்கள் கேட்டது வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் எங்கள் பழைய டீக்கடையில் அவனைப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

"காசுக்காக இல்லடா. கேம்ல என் பேரு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். செட்டிங்ஸ் உள்ளே போய், கீழே இறக்கி, 'நன்றி' என்று ஒரு பக்கம். அதில் ஏழாவது பெயர். அதுவும் இனிஷியல் தப்பு. ஒன்றரை வருடத்தில் அந்தப் பக்கத்தை யாராவது திறந்திருப்பார்களா என்பதே சந்தேகம். பாட்டு சூப்பர் என்று எனக்கு எழுதியவர்களுக்கெல்லாம் "நன்றி!" என்று பதில் போட்டவன் நான். அதில் ஒன்றைக்கூட அவனுக்கு அனுப்பவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது டீக்குக் காசு கொடுத்தேன் :-) பிறகு உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். அக்கா போனில் இருந்தபடியே திருத்தினாள். முடிவானது இவ்வளவுதான். இனிமேல் விற்கும் பிரதியில் அந்தப் பாட்டு இருக்காது. இதுவரை விற்ற 312 பிரதியில் அது எப்போதும் இருக்கும், அவற்றில் கை வைக்க மாட்டோம். இதுவரை வந்த பணத்தில் கால் பங்கு அவனுக்கு. பெயர் கேமின் முதல் திரையில், சரியான இனிஷியலோடு.

312 பிரதி விஷயத்தை அவன் அந்த ஆடியோ கம்பெனியிடம் முதலிலேயே சொல்லிவிட்டான். மறைத்துக் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துச் சம்மதித்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

பாட்டை எடுக்கும் வேலையை நான்தான் செய்தேன். ஒரு கோப்பை நீக்கி, ஒரு வரியை மாற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. பழைய கோப்பை முன்பு வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி தனியாக வைக்கத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதி, நடந்ததைச் சொல்லி, உங்கள் பிரதி உங்களுடையதுதான், பத்திரமாகச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். ஒரு மாணவனால் ஒரு மாலையில் செய்ய முடிந்ததைப் பெரிய கம்பெனிகளால் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. புதிதாக விற்பதை நிறுத்துவது ஒன்று, விற்றதைத் திரும்பத் திறந்து எடுப்பது வேறு. முதலாவதற்கு உரிமம் முடிந்தது காரணமாக இருக்கலாம். இரண்டாவது நடக்காதபடி ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டுக்காரர்கள் பேராசை பிடித்தவர்கள் என்று திட்டுவது சுலபம். நானே மூன்று வாரம் திட்டினேன். கையெழுத்துப் போடும் அன்றைக்கு, "இதை எத்தனை வருடம் விற்கப் போகிறோம், வாங்கியவனுக்கு என்ன ஆகும்?" என்று யாரும் கேட்காததுதான் எல்லாச் சண்டைக்கும் ஆரம்பம்.

இப்போது வாங்கினால் மினி பஸ்ஸில் பாட்டு கிடையாது. எஞ்சின் சத்தமும் கண்டக்டர் விசிலும் மட்டும்தான். அந்த விசிலை மட்டும் இவன் புதிதாக அடித்துக் கொடுத்திருக்கிறான். போன வாரம் புதிதாக வாங்கிய ஒருவர், "பஸ்ஸில் பாட்டே இல்லையே, ரேடியோ ரிப்பேரா?" என்று எழுதியிருந்தார். அதை அப்படியே அவனுக்கு அனுப்பி வைத்தேன்.

பி.கு. 1: நம் வகுப்பில் ப்ராஜெக்ட்டுக்கு கேமோ குறும்படமோ செய்பவர்களுக்கு. பாட்டு நண்பனுடையதாக இருந்தாலும் நான்கு விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருடம், எந்தெந்த நாட்டில், காசு வந்தால் எவ்வளவு பங்கு, காலம் முடிந்த பிறகு ஏற்கெனவே வாங்கியவர்களின் பிரதி என்ன ஆகும். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

பி.கு. 2: பதிவைப் போடும் முன் அவனிடம் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். பாட்டு இரண்டரை நிமிடம் இல்லையாம், 2 நிமிடம் 38 விநாடியாம்.